மண்டையில் எடுத்த கம்மல்

ஆஸ்லோவின் பழைய சதுக்கத்தில் ஒரு கையுறைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆள் கிடையாது, முகம் கிடையாது, கிரீடம் கிடையாது. ஒரு கை, நீட்டிய ஆள்காட்டி விரல், அவ்வளவுதான். 1624-ல் ஊர் தீப்பிடித்து எரிந்தபோது, டென்மார்க்குக்கும் நார்வேக்கும் சேர்த்து ராஜாவாக இருந்த நான்காம் கிறிஸ்தியான் வந்து பார்த்தார். ‘பழைய இடம் வேண்டாம். ஊர் இனிமேல் இங்கே’ என்று கோட்டைக்குப் பக்கத்தில் விரலை நீட்டினாராம். நீட்டிவிட்டுச் சும்மா போனாரா என்றால், அதுதான் இல்லை. ஊருக்குத் தன் பெயரையே சூட்டிவிட்டுக் கப்பல் ஏறினார்: கிறிஸ்தியானியா!

அந்தப் பெயரை முந்நூறு வருஷம் சுமந்துவிட்டு, 1925-ல்தான் பழையபடி ஆஸ்லோ ஆனார்கள். பெயரில்தான் இந்தக் குழப்பம், வயதிலாவது தெளிவு உண்டா? 1950-ல் ஊருக்கு 900 வயது என்று விழா எடுத்தார்கள். 2000-ல் 1000 வயது என்று இன்னொரு விழா. நடுவில் மண்ணைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பழைய கல்லறைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐம்பதே வருஷத்தில் நூறு வயது ஏறிய ஊர்! நம் கதாநாயகர்களுக்கு இருப்பது இதற்கு நேர் எதிரான வியாதி.

போகட்டும். நமக்கு வேண்டியது ராஜாவின் விரல் அல்ல, தலை.

1644 ஜூலை. ஸ்வீடன்காரர்களோடு கடல் சண்டை. கிறிஸ்தியானுக்கு 67 வயது. அந்த வயதில் மற்ற ராஜாக்கள் பேரக் குழந்தைகளோடு ஓவியத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள். இவர் கப்பல் மேல்தளத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். எதிரியின் குண்டு ஒன்று வந்து விழ, மரச் சிம்புகளும் உலோகத் துணுக்குகளும் சிதறி ராஜாவின் முகத்தில் பாய்ந்தன. கீழே சாய்ந்தார். செத்துவிட்டார் என்றே நினைத்தார்கள். எழுந்து நின்றார். வலது கண் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் மூளை. தப்பித்தார்.

சரி, தலையிலிருந்து எடுத்த துணுக்குகளை நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? குப்பையில் போடுவீர்கள். மிஞ்சிப்போனால் ஒரு டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி அறுப்பீர்கள். கிறிஸ்தியான் தட்டானைக் கூப்பிட்டார். துணுக்குகளைத் தங்கத்தில் பதித்து ஒரு ஜோடி காதணி செய்யச் சொன்னார். அதைத் தன் காதலி வீபெக்கே க்ரூசெக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். கோபன்ஹேகனில் ரோசன்போர்க் அரண்மனையில், அன்று அவர் போட்டிருந்த ரத்தக் கறை படிந்த உடைகளோடு அந்தக் காதணிகளும் இன்றைக்கும் இருக்கின்றன. அந்த அம்மாள் அதை எத்தனை விருந்துக்குப் போட்டுக்கொண்டு போனார் என்பதை மட்டும் எந்த வரலாற்று ஆசிரியரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சண்டையைப் பற்றிய பாட்டுத்தான் இன்றைக்கும் டென்மார்க்கின் அரச கீதம். ராஜா பாய்மரத்தருகே நிமிர்ந்து நிற்பதோடு ஆரம்பிக்கும். ஆனால் அடுத்த வருஷம் போட்ட சமாதான ஒப்பந்தத்தில் ஸ்வீடனுக்கு நார்வேயின் இரண்டு மாகாணங்களைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கண் ராஜாவுக்குப் போச்சு, நிலம் நார்வேக்குப் போச்சு, கம்மல் மட்டும் காதலிக்குக் கிடைத்தது.

இதை அப்படியே பிரான்ஸுக்கு நகர்த்திப் பாருங்கள். 1559 ஜூன் 30. இரண்டாம் ஹென்றி மகாராஜா ஒரு கல்யாணக் கொண்டாட்டத்தில் குதிரையேறி ஈட்டி விளையாடினார். எதிராளியின் ஈட்டி முறிந்து, அதன் சிம்பு கண் வழியாகப் பாய்ந்தது. கூப்பிட்டார்கள் பாருங்கள் டாக்டர்களை! ஒருவர் அம்ப்ருவாஸ் பாரே, அறுவை சிகிச்சையின் தந்தை. இன்னொருவர் ஆந்த்ரேயாஸ் வெசாலியஸ், உடற்கூறியலின் தந்தை. ஒரு நோயாளிக்கு இரண்டு தந்தைகள். சிம்பு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று தெரிந்துகொள்ள, மரண தண்டனை பெற்ற நான்கு குற்றவாளிகளின் தலைகளைக் கொண்டுவந்து முறிந்த ஈட்டியால் குத்திப் பார்த்தார்கள் என்றுகூடக் கதை உண்டு. அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய மருத்துவ மூளைகள் இரண்டும் கட்டிலுக்கு இரு பக்கமும் நிற்க, பத்தே நாளில் ராஜா காலமானார்.

கப்பல் தளத்தில் விழுந்த கிழவர் இன்னும் ஏறக்குறைய நான்கு வருஷம் வாழ்ந்தார். சத்திர சிகிச்சையின் வரலாற்றில் பிரபலமான டாக்டர் என்பது எப்போதும் ஓர் அதிர்ஷ்டக் குறி அல்ல.

ராஜாக்களை விட்டுவிட்டு வைக்கிங் வீரர்களிடம் போனால் கதை இன்னும் விசேஷம். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: வைக்கிங் என்றதும் உங்கள் மனக்கண்ணில் கொம்பு வைத்த தலைக்கவசம் வருகிறது அல்லவா? அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது 1876-ல் ஜெர்மனியில் வாக்னரின் ஓபராவுக்கு உடை தைத்தவர் வைத்த கொம்பு. அசல் வைக்கிங் கவசம் என்று ஓரளவு முழுசாகக் கிடைத்தது நார்வேயின் யெர்முண்ட்பூவில், 1943-ல், துண்டு துண்டாக. கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு வளையம். கொம்பைக் காணோம்.

1030-ல் ஸ்டிக்லஸ்டாட் போர். ராஜா ஓலாவ் செத்துப்போனார், பிற்பாடு புனிதரானார். அவருடைய ஆஸ்தானக் கவிஞர் தோர்மோட் நெஞ்சில் பாய்ந்த அம்போடு ஒரு கொட்டகைக்குள் நுழைந்தார். அதுதான் அன்றைய எமர்ஜென்ஸி வார்டு. வைத்தியம் பார்க்கும் பெண் ஒருத்தி பூண்டு வகைக் கீரையைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி, காயம்பட்டவர்களுக்கெல்லாம் ஊட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு? கஞ்சி குடித்த கொஞ்ச நேரத்தில் காயத்தை மோந்து பார்ப்பாள். கீரை வாசம் வந்தால் குடல் ஓட்டை, கதை முடிந்தது. வராவிட்டால் பிழைக்க வழி உண்டு. சிரிக்காதீர்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில் இதைவிடச் சாமர்த்தியமான ஸ்கேன் இருக்க முடியுமா?

தோர்மோட் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். தனக்குக் கஞ்சி வியாதி எதுவும் இல்லையாம். நடுவில் ஒரு குடியானவன் உள்ளே வந்து, ‘என்னய்யா இது, வீரர்கள் என்கிறீர்கள், இப்படி முனகுகிறீர்களே’ என்று கேலி பேசினான். தோர்மோட் வாளை வீசி அவன் பின்பக்கத்தைச் சீவிவிட்டார். நெஞ்சில் அம்பு குத்தி நிற்கும் ஆளிடம் நக்கல் பேசக் கூடாது என்பது அன்றே தெரிந்த விஷயம். அப்புறம் இடுக்கியை வாங்கித் தானே அம்பைப் பிடுங்கினார். முனையில் நார் நாராக இதயச் சதை ஒட்டியிருந்தது. அதில் வெள்ளையாய்க் கொழுப்பு. ராஜா நம்மை நன்றாகத்தான் சாப்பிட வைத்திருக்கிறார் என்கிற மாதிரி ஒரு ஜோக் அடித்துவிட்டுச் செத்தார்.

பாட்டெழுதியவர், பஞ்ச் டயலாக் விடாமல் சாவாரா? ஆனால் மருத்துவம் தெரிந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். குத்தி நிற்கிற பொருளைப் பிடுங்காதே என்பதுதான் இன்றைக்கும் முதல் பாடம். கத்தியோ கம்பியோ மண்டைக்குள் நின்றால், பல சமயம் அதுவே கிழிந்த ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கும். பிடுங்கினால் அணை திறந்த மாதிரி. ஸ்கேன் எடுத்து, எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, மண்டையோட்டைச் சுற்றிலும் திறந்து, கண்ணால் பார்த்தபடிதான் எடுக்க வேண்டும். வீரம் காட்டுகிற இடம் அது இல்லை.

பிடுங்காமல் எடுக்கிற வித்தை நமக்கு ஒன்றும் புதிதல்ல. அகத்தியரும் சீடரும் ராஜாவின் மண்டையைத் திறந்த கதை உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். தீராத தலைவலி; திறந்து பார்த்தால் மூளை மேல் ஒரு தேரை குந்தியிருக்கிறது. குறட்டால் பிடித்தால் மூளையைப் பிறாண்டிவிடும். அகத்தியரே கை பிசைந்து நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை எடுத்து வந்து அசைத்துக் காட்டினான். தேரை தண்ணீரில் குதித்தது. பையனுக்குத் தேரையர் என்று பட்டம். குருநாதரின் ஈகோ என்ன பாடுபட்டது என்பதைப் புராணம் நாகரிகமாகத் தாண்டிப் போய்விடுகிறது.

இந்தத் தண்ணீர்ப் பாத்திர டெக்னிக் 1917-ல் திரும்ப வந்தது. இடம், பெல்ஜியத்தின் சேற்றுப் போர்க்களம். ஆள், ஹார்வி குஷிங். நவீன மூளை அறுவையின் பிதாமகர் என்று அவரை அமெரிக்கர்கள் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

அதுவரை சர்ஜன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குண்டுச் சிதறல் போன ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினார்கள்! மூளைக்குள், ஆள்காட்டி விரலை! தொலைந்த சாவியைச் சோபா இடுக்கில் தேடுகிற மாதிரி. இரும்புத் துணுக்கு நாசம் செய்யாமல் விட்ட பகுதியை டாக்டரின் விரல் நாசம் செய்தது. குஷிங் விரலுக்குத் தடை போட்டார். மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, நைந்துபோன மூளைத் திசுவையும் அதோடு உள்ளே போன எலும்புச் சில்லு, முடி, தொப்பித் துணி எல்லாவற்றையும் மெதுவாக உறிஞ்சி எடுத்தார். நோயாளி முழித்திருப்பார். மண்டைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும், மூளைக்கு வலி தெரியாது. ‘கொஞ்சம் இருமுங்கள்’ என்பார் டாக்டர். இருமினால் உள்ளே கிடப்பது மேலே ததும்பி வரும்.

ஆழத்தில் கிடக்கும் இரும்புக்கு? காந்தம். ஆனால் அவ்வளவு பெரிய காந்தம் குறுகலான காயத்துக்குள் நுழையாது. பல தடவை முயன்று தோற்று, கடைசியில் ஓர் ஆணியின் முனையை மழுக்கி, அதைக் காயத்தின் வழியாக உள்ளே இறக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொண்டையில் காந்தத்தை ஒட்டினார்கள். மெல்ல இழுத்தால், ஆணி நுனியைக் கவ்விக்கொண்டு வந்தது இரும்புத் துணுக்கு. ஹார்வர்டு பேராசிரியர், உலகப் புகழ் சர்ஜன். கடைசியில் கைகொடுத்தது தச்சன் பெட்டியில் கிடக்கிற ஆணி.

பெருமையடிக்காமல் இருப்பாரா? மூன்று மாதக் கணக்கை அடுத்த வருஷமே அச்சில் ஏற்றினார். முதலில் நூற்றுக்கு 54 பேர் செத்தார்கள், கடைசியில் 28 ஆகக் குறைந்தது என்று. இவ்வளவு நிதானமாக அறுத்துக்கொண்டிருக்க யுத்தத்தில் நேரம் ஏது? வெளியே ஸ்ட்ரெச்சர்கள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் கணக்கு கணக்குத்தானே. பாதிப் பேர் சாவதற்கும் கால்வாசிப் பேர் சாவதற்கும் நடுவில் பிழைத்த சிப்பாய்களுக்கு அவருடைய தலைக்கனம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

ஒன்று சரியென்று தெரிந்தால் அதை எல்லை தாண்டி இழுப்பதும் டாக்டர்களுக்குக் கைவந்த கலை. குஷிங்குக்குப் பின் வந்தவர்கள், உள்ளே ஓர் எலும்புச் சில்லுகூட மிஞ்சக் கூடாது என்று சபதம் எடுத்தார்கள். வியட்நாம் போரில், எக்ஸ்ரேயில் ஒரு சில்லு தெரிந்தால் போதும், மறுபடி மண்டையைத் திறந்தார்கள். 1982 லெபனான் போரில் இஸ்ரேல் சர்ஜன்கள் ஆழத்தில் கிடந்த சில்லுகளைத் தோண்டாமல் விட்டார்கள். பல வருஷம் கழித்து அந்த ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தால், நன்றாகவே இருந்தார்கள்! கிருமி வருவதற்குப் பெரிய வாசல் சில்லு அல்ல, மூளைநீர் கசிகிற ஓட்டை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையை நீர் புகாமல் தைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆக, அரை நூற்றாண்டுக்கு மேல் தோண்டிய பிறகு, தையல்காரர் வேலைதான் முக்கியம் என்று கண்டுபிடித்தார்கள்.

இப்போது ஆஸ்லோவுக்குத் திரும்புவோம். 1941.

ஊர் ஜெர்மானியர்கள் கையில். நார்வேக்காரர்கள் சத்தம் போடாமல் எதிர்த்தார்கள், ஆனால் அபாரமாக எதிர்த்தார்கள். கோட்டில் பேப்பர் கிளிப் குத்திக்கொண்டார்கள், நாங்கள் ஒன்றாகப் பிணைந்திருக்கிறோம் என்று காட்ட. டிராமில் பக்கத்தில் ஒரு ஜெர்மானியன் வந்து உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொண்டார்கள். கடைசியில், இடம் காலியாக இருக்கும்போது நிற்கக் கூடாது என்று ஜெர்மானியர்கள் ஆணை போட்டார்கள். ஐரோப்பாவையே நடுங்க வைத்த ராணுவம், டிராமில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்று மூக்கைச் சிந்தியது.

அதே வருஷம், அதே ஊரில், கௌஸ்டா மனநல மருத்துவமனையில் டாக்டர் ஓர்னுல்ஃப் ஓடெகார் தலைமையில் லோபாட்டமி ஆரம்பமானது. மண்டையில் துளை போட்டு, கருவியை உள்ளே விட்டு, முன்மூளையின் இணைப்புகளை அறுப்பது. வானத்திலிருந்து உலோகம் மண்டையில் பாயாமல் இருக்கச் சைரன் ஊதிய ஊரில், வார்டுக்குள் அதை நாள் குறித்துச் செய்தார்கள். இதைக் கண்டுபிடித்த போர்ச்சுகல் டாக்டர் எகாஸ் மொனிஸுக்குக் கீல்வாதத்தால் கை ஓடாது, அறுத்ததெல்லாம் உதவியாளர்தான். 1939-ல் ஒரு நோயாளி அவரையே துப்பாக்கியால் சுட்டார். உடம்பில் தோட்டாக்கள் பாய்ந்தும் பிழைத்தார். 1949-ல் நோபல் பரிசும் வாங்கினார். நார்வேயில் மட்டும் சுமார் 2,500 பேருக்கு இதைச் செய்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1996-ல் அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுத்தது. இந்தப் பத்தியில் ஜோக்குக்கு இடம் தேடினேன். கிடைக்கவில்லை.

1941 செப்டம்பரில் ஆஸ்லோவில் ‘அட்மிரல் ஷேர்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் நின்றிருந்தது. பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு போட்டுப் பார்த்தன. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டுகளுக்குக் கப்பல் எது, தெரு எது என்று தெரியவா போகிறது? செப்டம்பர் 6-ம் தேதி விமானத் தாக்குதலில், மருத்துவ நூல்கள் ஆஸ்ட்ரிட் எல். என்று மட்டும் குறிப்பிடும் ஓர் இளம்பெண்ணின் இடது பக்கத் தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. நாள் கணக்கில் நினைவில்லை. முழித்தபோது வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது முன்மூளை என்றால் பேச்சின் தலைமைச் செயலகம்.

மெல்ல மெல்லத் தேறினார். நடை வந்தது. பேச்சும் வந்தது. வந்த பேச்சு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது! வார்த்தை நார்வே மொழி. ராகம் வெளிநாடு. நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத பெண்மணி, ஜெர்மன்காரி மாதிரி பேசினார். ஜெர்மன்காரனோடு டிராமில்கூட உட்காராத ஊரில்!

நார்வே மொழியில் ராகம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லை ஒரு மெட்டில் சொன்னால் விவசாயிகள், இன்னொரு மெட்டில் சொன்னால் பீன்ஸ். சுதி பிசகினால் ஒரு கிராமத்தையே பொரியல் வைக்கச் சொன்னதாகிவிடும்.

கடைக்குப் போனால் சாமான் தர மறுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், நேச நாட்டுக்காரன் போட்ட குண்டு தலையில். அதனாலேயே எதிரி நாட்டுக்காரி என்ற பட்டம் நாக்கில். டாக்டர் சீட்டைக் காட்டியா மளிகை வாங்குவது?

அவரைப் பரிசோதித்தவர் ஆஸ்லோ பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் கியோர்க் ஹெர்மான் மன்ராட்-க்ரோன். நரம்பு மண்டலத்தை எப்படிப் பரிசோதிப்பது என்று உலகத்துக்கே பாடப் புத்தகம் எழுதியவர். அவருக்கும் முதலில் அந்த அம்மாள் வெளிநாட்டுக்காரர் போலத்தான் தோன்றியது. சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. பேசச் சொன்னார். பாடச் சொன்னார். பாட்டு கச்சிதம்! மெட்டு கொஞ்சமும் பிசகவில்லை. சங்கீதம் முழுசாக இருக்கிறது, பேச்சின் சங்கீதம் மட்டும் கலைந்திருக்கிறது. அப்படியானால் மூளையில் இரண்டுக்கும் வேறு வேறு அலமாரி என்று அர்த்தம்.

பேராசிரியர்கள் சந்தோஷத்தில் என்ன செய்வார்கள்? பெயர் வைப்பார்கள். இதற்கு ‘டிஸ்ப்ரோசடி’ என்று பெயர் வைத்து 1947-ல் கட்டுரை எழுதினார். பேச்சின் ராகத்தை நான்கு வகையாகவும் பிரித்தார். நான்காவது வகை, சொல்லே இல்லாமல் முனகுவது, உறுமுவது, ‘ம்க்கும்’ கொட்டுவது. நம் வீடுகளில் பாதி உரையாடல் இந்த நான்காவது வகையில்தான் நடக்கிறது. நமக்குத்தான் கட்டுரை எழுதத் தோன்றவில்லை.

பிற்பாடு பார்த்தால், பாரிஸில் பியர் மாரி 1907-லேயே இப்படி ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்: பாரிஸ்காரர், பக்கவாதத்துக்குப் பிறகு அல்சாஸ்காரர் மாதிரி பேசினார். 1982-ல் ஹாரி விட்டேகர் என்ற அமெரிக்கர் இதற்கு ‘அந்நிய உச்சரிப்பு நோய்க்குறி’ என்று வேறு பெயர் வைத்தார். அதுதான் நின்றது.

பிற்கால ஆராய்ச்சிக்காரர்கள் இன்னொரு குண்டையும் போட்டார்கள். ஆஸ்ட்ரிட் பேசியது உண்மையில் ஜெர்மன் உச்சரிப்பே அல்லவாம். நீளவேண்டிய இடத்தில் குறுகி, இறங்கவேண்டிய இடத்தில் ஏறி, பேச்சு சற்றே தடம் மாறியிருக்கிறது. அதற்கு எந்த நாட்டு பாஸ்போர்ட் கொடுப்பது என்று கேட்கிறவரின் காதுதான் முடிவு செய்கிறது. மன்ராட்-க்ரோன் காதில் அது ஜெர்மனாகவும் இருக்கலாம், ஃபிரெஞ்சாகவும் இருக்கலாம் என்று விழுந்தது. படித்தவர், நாலு தேசம் தெரிந்தவர். கடைக்காரருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ரேஷன் காலத்து ஆஸ்லோவில் எந்த ஃபிரெஞ்சுக்காரி வந்து வெண்ணெய் கேட்கப்போகிறாள்?